ஒரு மெய்யெழுத்து

லைட் ஸ்திரீட் நீதிமன்றம். விசாரணையின் மூன்றாம் நாள்.
நான் மொழிபெயர்ப்பாளர்.
இருபத்திரண்டு வருடமாகப்
பிறர் சொன்னதைத் தவிர வேறெதுவும்
இந்த அறையில் நான் சொன்னதில்லை.

சாட்சி பாக்கியவதி,
பசார் தெரு மண்டியில் வெங்காயம் தரம் பிரிப்பவள்.
அழுகியது இடக்கைக்கு, நல்லது வலக்கைக்கு.
அவளைக் கேட்கிறார்கள்:
தவனேசனும் மரியதாஸும் படியில் நின்றபோது
என்ன நடந்தது?

"காசு கேட்டாரு. சட்டையப் புடிச்சாரு.
அப்புறம் சா…சிட்டாரு."

அந்த நேரம் பார்த்து ஃபெரி ஊதியது.

சாஞ்சிட்டாரு என்றால் செத்துப்போனவர்.
சாச்சிட்டாரு என்றால் கூண்டில் நிற்பவர்.
யார் என்று சொல்லாமலே
வாக்கியத்தை முடித்துக்கொள்ள விடும் மொழி,
ஆளை அந்த ஒரு மெய்யெழுத்துக்குள்
ஒளித்து வைத்திருந்தது.
தன்வினை, பிறவினை.
திருந்தினான், திருத்தினான்; உருண்டது, உருட்டினான்.
ஐந்தாம் வகுப்பில் பத்து மார்க்குக்கு எழுதினோம்.
அதில் ஒருவனுடைய வயது முழுக்க இருக்கும் என்று
டீச்சர் சொல்லவில்லை.

மலாயிலோ மழுப்ப இடமில்லை.
ரெபாஹ் என்றால் தானாக விழுந்தார்.
மெரெபாஹ்கான் என்றால் விழ வைத்தார்.
எந்தப் பக்கமும் இறங்காமல்
நிற்கிறது என் நாக்கு.

நேற்று முழுக்க டாக்டர் ஷரிஃபா.
பின்மண்டையில் மயிரிழை விரிசல்.
ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடும் மனிதர்.
விழுந்தவர் எழுந்தார், புட்டத்தில் தூசி தட்டினார்,
மோட்டாரில் ஆயர் ஈத்தாம் வரை போனார்,
மீன் கறி ஊற்றிச் சாப்பிட்டார்,
பந்தாட்டம் பார்த்து யாரையோ திட்டினார்.
விடியற்காலை வாந்தி.
மழையில் ஆம்புலன்ஸுக்கு ஐம்பது நிமிடம்.
ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் பழுது.
மூன்றாம் நாள் இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் அமிர்தலிங்கம்
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.
மாத்திரை இல்லாவிட்டால்? பிழைத்திருப்பார்.
மழை இல்லாவிட்டால்? இருக்கலாம்.
மெஷின் ஓடியிருந்தால்?
இருக்கலாம், சொல்வதற்கில்லை.
அரசுத் தரப்பு எழுந்து ஒன்றே ஒன்று கேட்டது:
அந்தக் கை இல்லாவிட்டால்?
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மெல்லிய மண்டைக்காரனைத் தள்ளினால்
தள்ளியது மெல்லிய மண்டைக்காரனைத்தான்;
கெட்டியானது என்று நினைத்தேன் எனக்
கணக்குக் காட்ட முடியாது.

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை"
என்றார் அமிர்தலிங்கம், வாய்ப்பழக்கத்தில் தமிழிலேயே.
மலாயில் சொன்னேன்.
நீதிபதி நிமிர்ந்து கேட்டார்:
அந்தக் காகம் என்ன எடை?
அறை சிரித்தது.
தவனேசன் மட்டும் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப்
பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுபடி சொல்லச் சொல்கிறேன், யாங் ஆரிஃப்."

பாக்கியவதி என்னைப் பார்த்தாள்,
நானேதான் வழக்குப் போட்டவள் போல.
"நின்னுட்டிருந்தாங்க. நான் குனிஞ்சு
ஒரு அழுகல எடுத்தேன்.
நிமிந்தா அவரு கீழ."

குனிந்ததற்கும் நிமிர்ந்ததற்கும் நடுவில்
ஒரு வெங்காயம்.
இரண்டு குடும்பங்கள் அதை உரித்துக்கொண்டிருக்கின்றன.

அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுத்தேன்.
முன்பு சொன்ன அந்த ஒரு சொல்?
ஃபெரி சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை
என்று பதிந்துகொள்ளச் சொன்னேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
அந்த அறையில் எனக்கென்று நான் சொன்ன
முதல் வாக்கியம்.

ஃபெரி ஊதியது உண்மை.

மதியம் கேன்டீனில்
என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.
மேசையெல்லாம் வெங்காய வாசம்.
"நான் சொன்னத அப்படியே
சொல்லிட்டீங்கதானேம்மா?"

கிளாஸில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

ம் என்றேன்.